வலியே இல்லாம நகம் சதையை விட்டுப் பிரியுது: பூஞ்சையா, வேற ஏதாவதுங்களா?

மாவுக்கடை | ஜூலை 8, இரவு 10.52

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டுல வீட்டு முன்னாடியே இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். வயசு 41. வலது கை மோதிர விரல், நடு விரல் ரெண்டுலயும் நகம் நுனியில இருந்து சதையை விட்டுப் பிரிஞ்சு உள்ள போயிட்டே இருக்குதுங்க. போன் ஸ்கிரீன்ல டெம்பர் கிளாஸ் ஒட்டும்போது ஓரத்துல காத்துப் போயிட்டா வெள்ளையாத் தெரியுமே, அச்சு அசலா அதே மாதிரி. வலி இல்லை, வீக்கம் இல்லை, சீழும் இல்லை. பையனோட ஸ்கேலை வெச்சு அளந்து பார்த்தேன். நடு விரல்ல நகம் மொத்தம் 12 மில்லிமீட்டர், அதுல சதையோட ஒட்டி ரோஸ் கலர்ல இருக்கறது வெறும் 6. மோதிர விரல்ல 11க்கு 8.

ஏப்ரல்ல ஒரு கிளினிக்குக்குப் போனேன். கையைத் திருப்பிக்கூடப் பார்க்கலை, "ஃபங்கஸ்"னு சொல்லி டெர்பினஃபின் மாத்திரை 6 வாரத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. டெஸ்ட் எதுவும் எடுக்கலை. சாப்பிட்டு முடிச்சேன், ஒரு முன்னேற்றமும் இல்லை. விலை மட்டும் ஞாபகம் இருக்குது.

நகத்தை விடப் பெரிய ரோதனை வேறங்க. மாவு வாங்க வர்றவங்க கண்ணு நேரா என் விரலுக்குத்தான் போகுது. போன வாரம் ஒரு அம்மா பாக்கெட்டைக் கையில வாங்காம "அந்த மேடையிலயே வெச்சிருங்க"ன்னாங்க.

தெற்குக்காத்து | ஜூலை 8, இரவு 11.20

யம்மா, இது நகச்சுத்திதான். எங்க ஆச்சி காலத்துல இருந்து ஒரே வைத்தியம்: எலுமிச்சம்பழத்துல ஓட்டையைப் போட்டு, உள்ள கொஞ்சம் மஞ்சப்பொடி வச்சு, விரலைச் சொருகி ராத்திரி பூரா விட்டுரணும். மூணு நாள்ல வத்திரும். மாத்திரைக்குக் காசைக் கரியாக்காதிய.

ஊதாப்பூ | ஜூலை 9, காலை 7.05

அண்ணாச்சி, நகச்சுத்தி வேற, இது வேற. நகச்சுத்தின்னா நகத்தோட ஓரச் சதை வீங்கி, சிவந்து, விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். அவங்க வலியே இல்லைன்னு முதல் பத்தியிலேயே சொல்லிட்டாங்க. எனக்கும் ஒரு தடவை இதே மாதிரி நகம் பிரிஞ்சுது. அதுக்கு ஒனிக்கோலைசிஸ்னு பேராம். கால்சியம் குறைஞ்சா வரும்னு எங்க ஆபீஸ்ல சொன்னாங்க. பால் குடிச்சுப் பாருங்க மாவுக்கடை அக்கா.

42கிலோமீட்டர் | ஜூலை 9, காலை 7.31

இதுக்கெல்லாம் பயப்படத் தேவையே இல்லை. நான் மாரத்தான் ஓடுறவன். என் வலது கால் கட்டைவிரல் நகம் ஒரு வருஷமா தூக்கிட்டுதான் நிக்குது. ஷூ இடிக்கிறதுதான் காரணம். ஓடுறவங்க எல்லாருக்கும் இருக்கும், பெருமையா காட்டிக்குவோம். உங்களுக்கும் ஏதாவது இடிபட்டிருக்கும், விடுங்க, தானா வளந்துடும்.

மாவுக்கடை | ஜூலை 9, மதியம் 2.15

அண்ணாச்சி, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே எங்க மாமியார் சொல்லி எலுமிச்சையைச் சொருகிப் பார்த்தாச்சுங்க. பிரிஞ்ச சந்து வழியா சாறு உள்ள இறங்கி உசிரு போயிருச்சு. இதுநாள் வரைக்கும் வலிக்காத விரலு அன்னிக்குத்தான் வலிச்சுது.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 9, இரவு 9.40

தோல் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேர்ல பார்க்காம மருந்து எழுத மாட்டேன், அது என் வழக்கம். ஆனா சில கேள்விகள் கேட்கலாம்.

இடது கையில இருக்கா? கால் நகங்கள் எப்படி இருக்கு, தடிச்சு மஞ்சளாப் பொடிப்பொடியா உதிருதா? நகத்து மேல குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கா? முழங்கை, தலையில செதில் உதிருமா? பிரிஞ்ச இடத்துக்கும் ஒட்டியிருக்கிற இடத்துக்கும் நடுவுல எண்ணெய் சொட்டின மாதிரி ஆரஞ்சுப் பழுப்பு நிறத்துல ஒரு கரை தெரியுதா? படபடப்பு, எடை குறைவு? நெயில் பாலிஷ்? இந்த ஒரு வருஷத்துல வேற என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?

கடைசியா ஒண்ணு. நகத்துக்கு அடியில அழுக்கு சேர்ந்தா எதை வெச்சு எடுப்பீங்க?

மாவுக்கடை | ஜூலை 10, இரவு 11.05

டாக்டரம்மா, இடது கை நல்லா இருக்குது. கால் நகமும் சுத்தம். குழி, செதில், கரை எதுவும் இல்லை. பாலிஷ் போட்டுப் பத்து வருஷம் ஆச்சு. பிரஷர் சுகர் எதுக்கும் மாத்திரை இல்லை. எடை குறைஞ்சா சந்தோஷப்படுவேன்.

கடைசிக் கேள்விக்கு வர்றேன். ஒரு நாளைக்கு 30 கிலோ அரிசி போடுறேன். அரிசி கழுவ, உளுந்து கழுவ, கல்லு கழுவ, குண்டான் கழுவன்னு கை பாதி நேரம் தண்ணியிலதான் கிடக்கும். உப்புப் போட்டுக் கையாலயே கரைச்சுருவேன், வலது கைதான். மாவு நகத்துக்கு அடியில புகுந்து, காஞ்சா சிமெண்ட்டு மாதிரி இறுகிப் போயிரும். ராத்திரி கடையைக் கட்டிட்டு டிவி பார்த்துக்கிட்டே தென்னை ஈர்க்குச்சியைக் கூரா ஒடிச்சு, ஒவ்வொரு நகமா நோண்டி எடுப்பேன். குச்சி பத்தலைன்னா ஊக்கு. சொல்லக் கூச்சமா இருக்குது, ஆனா அந்தக் காஞ்ச மாவு ஒரே பத்தையா வெளிய வரும்போது ஒரு சுகமுங்க. பிரிஞ்ச நகத்துல இன்னும் ஆழமாப் போயி மாட்டிக்குது, அதனால இப்பல்லாம் அந்த ரெண்டு விரலுக்கு மட்டும் ரெண்டு தடவை எடுக்குறேன்.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 11, இரவு 10.10

அந்த ஈர்க்குச்சிதான் நான் தேடின ஆள்.

நகத்து நுனிக்கு அடியில, நகமும் சதையும் சேர்ற இடத்துல, மெல்லிசா ஒரு தோல் அடைப்பு இருக்கு. ஜன்னல் கண்ணாடியைச் சுத்தி புட்டி வைப்பாங்களே, அந்த வேலையைத்தான் அது பார்க்குது: தண்ணி, அழுக்கு, கிருமி உள்ள போகாமத் தடுக்கும். நாள் பூரா தண்ணியில கிடந்தா நகம் உப்பும், காயும்போது சுருங்கும். இப்படி ஊறிக் காய்ஞ்சு ஊறிக் காய்ஞ்சு அந்தப் புட்டி இளகிப் போச்சு. போதாததுக்கு ராத்திரி குச்சி. முதல்ல ஒரு மில்லிமீட்டர் பிரிஞ்சிருக்கும். அந்தச் சந்துல மாவு போகும், அதை எடுக்க இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ள குத்துவீங்க, அடுத்த நாள் மாவு அங்கயும் போகும். வெள்ளையாத் தெரியறது அடியில புகுந்த காத்து. அதாவது நீங்க சொன்ன டெம்பர் கிளாஸ் உவமை சரியாத்தான் இருக்கு.

இது பூஞ்சை இல்லைன்னு இங்க உட்கார்ந்துக்கிட்டு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கால் நகம் சுத்தமா இருந்து, ஒரே கையில, அதுவும் வேலை செய்யற கையில ரெண்டு விரல் மட்டும்னா எனக்கு முதல் சந்தேகம் ஈரமும் குத்தலும்தான். நகத்துக்கு அடியில சுரண்டி எடுத்து கேஓஎச் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டா நகத்தூள் கரைஞ்சிடும், பூஞ்சை இழை இருந்தா மைக்ராஸ்கோப்ல தெரியும். அன்னிக்கே முடிவு சொல்லிடலாம். கல்ச்சர், அதாவது பூஞ்சையை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட் வைச்சா சில வாரம் ஆகும். மாத்திரை நிறுத்தி ரெண்டு மாசம் ஆகிறதால இப்ப எடுக்கலாம். சாப்பிட்டுக்கிட்டே எடுத்தா, இருக்கிற பூஞ்சையும் தெரியாமப் போகலாம்.

இன்னொரு நியாயமும் சொல்லிடறேன். பூஞ்சையாவே இருந்தாலும் 6 வார முடிவுல நகம் பழையபடி ஆகியிருக்காது. கைநகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். மாத்திரை வேலை செஞ்சிருந்தாலும் நல்ல நகம் அடியில இருந்து நுனிக்கு வர நாலஞ்சு மாசம் ஆகும். அதனால "சாப்பிட்டேன், கேட்கலை"ங்கிறதை வெச்சு அந்த டாக்டர் தப்புன்னு முடிவு கட்ட முடியாது. டெஸ்ட் எடுக்காம ஆரம்பிச்சது தப்பு. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை பார்க்காமக் குடுத்திருந்தா அதுவும் தப்பு.

இன்னிக்கே செய்ய வேண்டியது: நெயில் கட்டரால பிரிஞ்ச நகத்தை, எவ்வளவு தூரம் வெட்ட முடியுதோ அவ்வளவு தூரம் வெட்டுங்க. வலிக்காது, அது சதையோட ஒட்டியே இல்லை. நகம் நீளமா இருந்தா கடப்பாரை மாதிரி, எதுல இடிச்சாலும் மிச்சத்தையும் நெம்பும். வெட்டிட்டா மாவு தங்கவும் இடமில்லை. அடியில எதுவும் குத்தக் கூடாது. ஈர வேலைக்குப் பருத்திக் கையுறை, அது மேல ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் போட்டா உள்ளயே வியர்த்து மறுபடியும் ஊறும்.

ஊதாப்பூ, கால்சியத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. நகத்துல வர்ற வெள்ளைப் புள்ளிக்கும் அதைத்தான் சொல்வாங்க, பெரும்பாலும் அது எப்பவோ பட்ட சின்ன அடியோட தழும்பு.

தெற்குக்காத்து | ஜூலை 11, இரவு 10.48

எங்கம்மா அறுபது வருசம் ஆட்டுரல்ல மாவாட்டுனா. தண்ணியில கெடக்காத கையா அது? ஒரு நகம் பிரியலியே. டாக்டருமாரு தண்ணியக்கூட சீக்குங்கியோ.

மாவுக்கடை | ஜூலை 12, காலை 5.30

உங்கம்மா வீட்டுக்கு ஆட்டுனாங்க அண்ணாச்சி, நான் தினமும் 30 கிலோ. நேத்து ராத்திரியே வெட்டிட்டேன். வெட்டும்போது கண்ணை மூடிக்கிட்டேன், சத்தியமா ஒண்ணும் தெரியலை. ஆனா பார்க்கப் பாதி விரலுக்குத்தான் நகம் இருக்கற மாதிரி கோரமா இருக்குது. பிளாஸ்டர் சுத்திக்கட்டுங்களா?

வெள்ளைக்கோட்டு | ஜூலை 12, காலை 8.15

வேண்டாம். பிளாஸ்டருக்குள்ள ஈரம் தேங்கும். காத்தாட விடுங்க. ஒட்டுப்பசை வெச்சு ஒட்டலாமான்னு அடுத்த கேள்வி வரும், எப்பவும் வரும். கூடாது.

கணக்குப்பிள்ளை | ஜூலை 12, மாலை 6.20

படபடப்பு, எடை குறைவுன்னு டாக்டர் கேட்டது தைராய்டுக்காகத்தான்னு எனக்குப் புரிஞ்சுது. என் கதையைச் சொல்றேன். நான் ஆடிட் ஆபீஸ்ல வேலை, பேனாவைத் தவிர கையில எதையும் தொட்டதில்லை. மூணு வருஷம் முன்னாடி ரெண்டு கையிலயும் மோதிர விரல் நகம் நுனியில பிரிய ஆரம்பிச்சுது. எவ்வளவு கழுவினாலும் அடியில கறுப்பா அழுக்கு நிக்கும். "சாப்பிட உட்காரும்போதாவது கையைக் கழுவிட்டு வாங்க"ன்னு வீட்டுல தினமும் திட்டு. அதோட எட்டு கிலோ இறங்கிட்டேன். மார்கழிக் குளிர்லயும் ஃபேன் போடுவேன். நெஞ்சு படபடன்னு அடிக்கும், மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற டென்ஷன்னு நினைச்சேன். கடைசியில கண்டுபிடிச்சது ஹார்ட் டாக்டர் இல்லை, வேற எதுக்கோ போன இடத்துல என் நகத்தைப் பார்த்த ஒரு வயசான டாக்டர். டிஎஸ்எச்னு தைராய்டுக்கான ரத்த டெஸ்ட் எடுக்கச் சொன்னார். தைராய்டு தாறுமாறா சுரந்துக்கிட்டு இருந்துது. அதுக்கு மருந்து எடுக்க ஆரம்பிச்ச பிறகு நகம் தானா ஒட்டிடுச்சு, நகத்துக்குன்னு ஒண்ணும் போடலை.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 12, இரவு 9.55

பாடப்புத்தகத்துல இருக்கிறபடியே வந்திருக்கு உங்களுக்கு. மேயோ கிளினிக்ல இருந்த ஹென்றி பிளம்மர் பேரால இதை பிளம்மர் நகம்னே சொல்வோம். மோதிர விரல்லதான் அடிக்கடி தொடங்கும். மாவுக்கடை, உங்களுக்கும் ஒரு விரல் அதுதான். அறிகுறி இல்லைன்னாலும் டெஸ்டோட டெஸ்டா டிஎஸ்எச் பார்த்துடுங்க.

ரெண்டுசக்கரம் | ஜூலை 13, நள்ளிரவு 12.30

டாக்டர் எனக்கும் ஒரு டவுட். 23 வயசு, சென்னையில சாப்பாடு டெலிவரி பண்றேன். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின்னு ஒரு மாத்திரை ஒன்றரை மாசமா எடுக்கறேன். ஜூன் மாச வெயில்ல வண்டி ஓட்டும்போது விரல் நுனியெல்லாம் எரிஞ்சுது. அப்புறம் ரெண்டு கையிலயும் எட்டு நகம் பிறை நிலா வடிவத்துல பிரிஞ்சிடுச்சு. கட்டைவிரல் ரெண்டு மட்டும் தப்பிச்சிடுச்சு. ஏதாவது சாமி குத்தமான்னு அம்மா கேக்கறாங்க.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 13, காலை 7.40

வண்டி ஹேண்டிலைப் பிடிச்சுப் பாருங்க. நாலு விரலும் மேல வெயில்ல, கட்டைவிரல் அடியில நிழல்ல. சாமி இல்லை, சூரியன். அந்த மாத்திரை சிலருக்குத் தோலையும் நகத்துக்கு அடியில இருக்கிற சதையையும் வெயில் தாங்காம ஆக்கிடும். நகம் லென்ஸ் மாதிரி வெளிச்சத்தை உள்ள விடும். மத்த வகை மாதிரி இல்லாம இது எரியும், வலிக்கும். எழுதிக் குடுத்தவர்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க, வேற மருந்துக்கு மாத்துவார். அதுவரைக்கும் வெயில்ல கையுறை இல்லாம ஓட்டாதீங்க.

ஊதாப்பூ | ஜூலை 13, காலை 10.02

என் விஷயத்தையும் ஒழுங்காச் சொல்லிடறேன். கல்யாணத்துக்கு ஜெல் பாலிஷ் போட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஓரம் தூக்குச்சு, பார்லர் போகச் சோம்பேறித்தனம், உட்கார்ந்து உரிச்சேன். ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரி அழகா வந்துது. நகத்தோட மேல் படலத்தையும் கூட்டிக்கிட்டு. அப்புறம் அசிங்கமா இருக்குன்னு அது மேலயே இன்னொரு ஜெல். மூணாவது தடவை பார்லர்ல மெஷினை வெச்சு ராவினாங்க, அன்னிக்கு நகம் சூடாகிறது தெரிஞ்சும் வாயைத் திறக்கலை. பிரிஞ்சுது. பாலிஷ் ரிமூவர், பேஸ் கோட் எல்லாத்தையும் நிறுத்தி அஞ்சு மாசத்துல சரியாச்சு. அதுல அரை மாசம்கூடப் பாலுக்குப் பங்கில்லைன்னு இப்பத் தெரியுது.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 13, இரவு 10.30

42கிலோமீட்டர், உங்ககிட்ட ஒரு கேள்வி விட்டுப்போச்சு. ஒரு வருஷமா ஒரே நகம்தானே? இடது கால்ல இல்லையே? ஷூ மாத்தினீங்களா? நகத்துக்கு அடியில அழுத்தினா கல்லு மாதிரி கெட்டியா ஏதாவது தட்டுப்படுதா?

42கிலோமீட்டர் | ஜூலை 14, காலை 6.10

ஷூ ரெண்டு ஜோடி மாத்திட்டேன், அரை சைஸ் பெரிசு. நகம் அப்படியேதான் இருக்கு. கெட்டியா இருக்கு, காய்ப்புன்னு நினைக்கிறேன். அக்டோபர் வரைக்கும் ட்ரெயினிங் இருக்கு, அதுக்கப்புறம் பார்க்கலாம்.

வெள்ளைக்கோட்டு | ஜூலை 14, காலை 8.00

அக்டோபர் வரைக்கும் வேண்டாம். ரெண்டு மூணு நகம் பிரிஞ்சா நான் நிதானமாப் பேசுவேன். ஒரே ஒரு நகம், மாசக்கணக்கா, காரணத்தை நீக்கியும் ஒட்டலைன்னா அடியில ஏதாவது வளருதான்னு பார்த்தே ஆகணும். பெரும்பாலும் சாதாரணமா இருக்கும், எப்பவாவது புற்றுநோயாவும் இருக்கும். ஒரு எக்ஸ்ரே எடுங்க.

மாவுக்கடை | ஆகஸ்ட் 6, இரவு 10.40

டெஸ்ட் எல்லாம் வந்துருச்சுங்க. தைராய்டு நார்மல். கேஓஎச்ல பூஞ்சை இழை இல்லை. கல்ச்சர்ல கேண்டிடான்னு ஈஸ்ட் வகைப் பூஞ்சை வளந்திருக்குதாம். அப்ப அதுக்கு மாத்திரை சாப்பிடோணுங்களா?

கையுறை கதையைக் கேளுங்க. மருந்துக் கடையில பருத்திக் கையுறை கேட்டா மேல கீழ பார்க்குறாங்க. கடைசியில ஸ்கூல் யூனிஃபார்ம் கடையில கிடைச்சுது, பரேடுக்குப் பிள்ளைங்க போடுற வெள்ளைக் கையுறை. ஆறு ஜோடி வாங்கிட்டேன். ஒண்ணு நனைஞ்சா அடுத்தது. கொடியில வரிசையாக் காயுறதைப் பார்த்துட்டு எதிர்வீட்டுக்காரர் "குடியரசு தினத்துக்கு இன்னும் நாளிருக்குதே"ங்கிறார்.

வெள்ளைக்கோட்டு | ஆகஸ்ட் 7, இரவு 9.15

பூட்டின வீட்டுல யாரும் நுழைய முடியாது, திறந்து கிடந்தா எவனாவது வந்து படுப்பான். பிரிஞ்ச நகத்துக்கு அடியில கேண்டிடா இருக்கிறது அந்த மாதிரி. வீட்டைத் திறந்துவிட்டது அவன் இல்லை. ஈரம் போனா அவனும் போவான். உங்க டாக்டர் நேர்ல பார்த்துட்டு மேல விட சொட்டு மருந்து குடுத்தா விடுங்க, அதுக்கு மேல இப்பத் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

தெற்குக்காத்து | ஆகஸ்ட் 7, இரவு 9.50

கையுறை போட்டுக் கரைச்சா மாவு புளிக்குமா? கைச்சூட்டுலதான் மாவு பொங்கும்.

மாவுக்கடை | ஆகஸ்ட் 9, காலை 6.00

எனக்கும் அதே பயம்தானுங்க, பொழப்பாச்சே. அதனால ஒரு சோதனை பண்ணினேன். ஒரே அரைப்புல எடுத்த மாவை ரெண்டு குண்டான்ல ஊத்தி, ஒண்ணை எங்க மாமியார் கையால கரைச்சாங்க, இன்னொண்ணை நான் மரக்கரண்டியில. ரெண்டும் ஒரே நேரத்துல மூடியைத் தூக்குச்சு. பையன் பி.எஸ்சி. படிக்கிறான், "புளிக்க வைக்கிற பாக்டீரியா உளுந்துலயே இருக்குதும்மா, லூகோநாஸ்டாக்"னு பேரெல்லாம் சொன்னான். மாமியார் மட்டும் தன் குண்டான் இட்லிதான் பூவாட்டம் இருக்குதுன்னு இன்னும் சாதிக்கிறாங்க.

இப்பக் கரைக்கிறது மரக்கரண்டி, கழுவுறது கையுறை. ஈர்க்குச்சியைத்தான் விட முடியலை. டிவி முன்னாடி உட்கார்ந்தா கை தானா தேடுது. துடைப்பத்தைக் கொண்டுபோய் மொட்டை மாடியில வெச்சுட்டேன்.

மாவுக்கடை | செப்டம்பர் 11, இரவு 11.15

பயந்துட்டேனுங்க. நடு விரல்ல பிரிஞ்ச ஓரம் பச்சையா மாறிருச்சு, பாசி பிடிச்ச மாதிரி. கழுவினாலும் போகலை. ரெண்டு நாளா அந்தக் கையால எதையும் தொடலை, மாவு பாக்கெட் பையன்தான் போடுறான்.

வெள்ளைக்கோட்டு | செப்டம்பர் 12, காலை 7.20

தொடாம இருந்தது நல்ல முடிவு. இது சூடோமோனாஸ்ங்கிற பாக்டீரியா விடுற சாயம். ஈரமான இடுக்குல வாழ்ற கிருமி. கையுறை எங்கயோ நனைஞ்சபடியே நின்னிருக்கணும். பிரிஞ்ச இடத்தை மறுபடி வெட்டுங்க. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு கலந்து தினம் ரெண்டு வேளை அஞ்சு பத்து நிமிஷம் விரலை வைங்க, அப்புறம் நல்லாத் துடைச்சு உலர விடுங்க. சுத்திச் சதை சிவந்தாலோ வலிச்சாலோ நேர்ல காட்டணும். கிருமி செத்தாலும் நகத்துல ஏறின பச்சை வளர்ந்துதான் வெளியேறும், அதைச் சுரண்டக் கூடாது. சாப்பாட்டு வேலை செய்யறதால அந்த விரல் கையுறைக்குள்ளேயே இருக்கட்டும்.

மாவுக்கடை | செப்டம்பர் 12, மதியம் 1.00

வலது கையுறையில நடு விரல் நுனியில ஊசி ஓட்டைங்க! தண்ணி ஊத்திப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்.

42கிலோமீட்டர் | செப்டம்பர் 20, இரவு 8.45

எழுதத் தயக்கமாத்தான் இருக்கு. ஜூலையில வீராப்பாப் பேசினேன். ஆகஸ்ட் கடைசியில நகம் இன்னும் தூக்கி, சாக்ஸ் பட்டாலே வலிக்க ஆரம்பிச்சுது. எக்ஸ்ரே எடுத்தேன். விரல் நுனி எலும்புல இருந்து முளை மாதிரி ஒரு துண்டு மேல கிளம்பி நகத்தை அடியில இருந்து தள்ளியிருக்கு. எக்ஸாஸ்டோசிஸ்னு சொன்னாங்க. புற்று இல்லை. விரலை மட்டும் மரக்க வெச்சு எடுத்துட்டாங்க, போன வியாழன் தையல் பிரிச்சாச்சு. அக்டோபர் ஓட்டம் இல்லை. கால் நகம் கை நகத்தை விட மெதுவாம், முழுசா வர வருஷத்துக்கு மேலயும் ஆகும்னாங்க.

ஷூ கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவை சண்டை போட்டிருக்கேன். போய் மன்னிப்பு கேட்கணும்.

வடக்குமாசிவீதி | செப்டம்பர் 21, காலை 9.10

இந்த இழையைத் தேடி வந்தது அம்மாவுக்காக. மார்பகப் புற்றுக்கு டோசிடாக்செல் கீமோ போகுது, மூணாவது தடவைக்கு அப்புறம் பத்து நகமும் கறுத்துத் தூக்க ஆரம்பிச்சிருக்கு. இதைச் சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோன்னு அம்மா மறைக்கிறாங்க.

வெள்ளைக்கோட்டு | செப்டம்பர் 21, காலை 9.30

மறைக்க வேண்டாம், இன்னிக்கே சொல்லுங்க. அந்த மருந்துல இது வழக்கமா வர்றதுதான், அவங்களுக்குத் தெரியும். மருந்து ஏறும்போது உறைய வெச்ச கையுறை போட்டு விரலைக் குளிர வைக்கிற வழி இருக்கு, நகத்துக்குப் போற ரத்தம் குறையும், மருந்தும் குறைவாப் போகும். உங்க ஆஸ்பத்திரியில இருக்கான்னு கேளுங்க. அடியில சீழோ நாத்தமோ வந்தா அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, கீமோ நேரத்துல எதிர்ப்புச் சக்தி குறைவு. நகம் பெரும்பாலும் திரும்ப வளரும், அம்மாகிட்ட அதையும் சொல்லுங்க.

மாவுக்கடை | அக்டோபர் 23, மதியம் 3.20

திட்டு வாங்க வந்திருக்கேன் டாக்டரம்மா. தீபாவளிக் காலையில எங்க ஊருப்பக்கம் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாத வீடு இல்லை. ரெண்டு நாள்ல 140 கிலோ. கையுறை மாட்ட, கழட்ட நேரமில்லை, வெறுங்கையாவே இறங்கிட்டேன். நேத்து அளந்தேன். மோதிர விரல் 10 வரைக்கும் வந்தது மறுபடியும் 8. நடு விரல் 9ல இருந்து 7. மூணு மாசம் வளந்ததுல பாதிக்கு மேல ரெண்டே நாள்ல போச்சு.

குச்சி எடுத்தீங்களான்னு கேப்பீங்க. எடுத்தேன். மொட்டை மாடிக்கு ஏறிப் போய்.

வெள்ளைக்கோட்டு | அக்டோபர் 23, இரவு 10.00

திட்டல. புதுசா ஒட்டின இடம் ரொம்ப நாளைக்குத் தளர்ந்துதான் இருக்கும், சுலபமாப் பிரியும். வெட்டிட்டு முதல்ல இருந்து ஆரம்பிங்க. பொங்கலுக்கு முந்தின நாளுக்கு இப்பவே ஒரு ஆள் பேசி வைங்க.

மாவுக்கடை | ஜனவரி 18, இரவு 9.30

ஆள் போட்டேன். பக்கத்துத் தெருப் பொண்ணு, அதுக்கும் கையுறை வாங்கிக் குடுத்தாச்சு. மோதிர விரல் முழுசா ஒட்டிருச்சுங்க, 11க்கு 11. நடு விரல் மட்டும் 10லயே நிக்குது, ஒரு மாசமா நகரவே இல்லை. ரெண்டு மில்லிமீட்டர் சந்து. அந்த ஓரத்துச் சதை முன்னாடி ரோஸா இருந்தது, இப்பத் தோல் மாதிரி மங்கலாத் தெரியுது.

வெள்ளைக்கோட்டு | ஜனவரி 19, காலை 7.50

ரொம்ப நாள் நகம் இல்லாமத் திறந்து கிடந்தா அடியில இருக்கிற சதை சாதாரணத் தோல் மாதிரி தடிச்சிடும். அப்புறம் நகம் அது மேல ஒட்டாது. அந்த ரெண்டு மில்லிமீட்டர் அப்படியே நின்னுடலாம். இன்னும் ரெண்டு மூணு மாசம் பாருங்க, நின்னாலும் கெடுதல் இல்லை. எப்பவும் ஒட்ட வெட்டிவிடுங்க, யாருக்கும் தெரியாது.

மாவுக்கடை | ஜனவரி 19, இரவு 10.20

தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுதுங்க. மேடையில வைக்கச் சொன்ன அந்தம்மா இன்னிக்கு வந்தாங்க. வெள்ளைக் கையுறையோட பாக்கெட்டை நீட்டினேன், வாங்கிட்டு "ஏம்மா, குளிருதா?"ன்னாங்க. ஆமாங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் கல்யாண மண்டபத்து ஆர்டர் 40 கிலோ, அரிசி ஊறப் போடோணும், வர்றேனுங்க.